கேரளா முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி (காங்கிரஸ்): 53 வருஷம் ஒரே தொகுதி. நல்ல எம்.எல்.ஏ.வா, இல்ல ஓட்ட சிஸ்டத்துக்கு ஒட்டு போட்டவரா?

தக்கலை மக்கா (இழை தொடங்கியவர்)

ஒரே தொகுதி, 12 தேர்தல், ஒண்ணுல கூட தோக்கல. கோட்டயம் பக்கத்துல புதுப்பள்ளி. 1970ல 26 வயசுல சட்டசபைக்குள்ள போன மனுஷன் 2023 ஜூலை 18ஆம் தேதி பெங்களூர் ஆஸ்பத்திரில உயிர் போறது வரைக்கும் அதே ஊரு எம்.எல்.ஏ.தான். கேரளா சட்டசபைல அதிக நாள் உறுப்பினரா இருந்ததுல பாலா தொகுதி கே.எம்.மாணியோட ரெக்கார்டையும் 2022ல தாண்டிட்டாரு. இதுக்கு நடுவுல தொழிலாளர் மந்திரி, உள்துறை மந்திரி, நிதி மந்திரி, எதிர்க்கட்சி தலைவர், ரெண்டு தடவ முதல்வர்னு எல்லா நாற்காலிலயும் உக்காந்தாச்சு, ஆனா ஞாயித்துக்கிழமைன்னா ஆளு புதுப்பள்ளி வீட்டுலதான், காலைல சர்ச், அப்புறம் வாசல்ல கூட்டம். முதல்வரா இருந்தப்பவும் அதேதான். சீவாத தலை, கசங்குன கதர் சட்டை, சுத்தி நூறு பேரு, ஒருத்தன் காதுல பேசிட்டு இருப்பான், இன்னொருத்தன் அதுக்குள்ள பேப்பர நீட்டுவான்.

அவரு செத்தப்போ திருவனந்தபுரத்துல இருந்து கோட்டயத்துக்கு எம்.சி. ரோடு வழியா கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரளா அரசு) பஸ்ல உடல கொண்டு போனாங்க. சாதாரணமா மூணு நாலு மணி நேரம் ஓடுற ரோடு, அன்னைக்கு ஒரு முழு நாளுக்கு மேல ஆச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் ரோட்டுல ஆளு நிக்குது. அரசு மரியாதை வேண்டாம்னு அவரே சொல்லி வச்சிருந்தாராம், அதனால துப்பாக்கி வேட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. கூட்டிட்டு வந்த கூட்டம் இல்ல மக்கா அது, பிரியாணி பொட்டலத்துக்கு எவனும் விடியகாலைல மழைல நிக்க மாட்டான்.

இப்போ கேள்வி இதுதான். அவரோட பெரிய அடையாளம் "ஜனசம்பர்க்க பரிபாடி". முதல்வரே மாவட்டம் மாவட்டமா போயி மைதானத்துல நின்னு நேரடியா மனு வாங்கி அங்கனயே உத்தரவு போடுறது. இது ஒரு மக்கள் பிரதிநிதி செய்ய வேண்டிய வேலையா, இல்ல வில்லேஜ் ஆபீசர் செய்ய வேண்டிய வேலைய முதல்வர் செஞ்சு பேரு வாங்கினதா? கட்சிச் சண்ட வேண்டாம், விஷயத்த பேசுங்க.

சைதை ஆட்டோ

எங்க ஏரியா எம்.எல்.ஏ. மூஞ்சிய ஃபிளெக்ஸ்ல பாத்துதான் உசுரோட இருக்காருன்னே தெரிஞ்சிக்கிறோம் தல. நீங்க வேற 53 வருஷம் ஞாயித்துக்கிழமைன்னு வயித்தெரிச்சல கெளப்பிக்கினு.

ஃபைல் நம்பர் 12

வணக்கம். நான் நம்ம ஊர் வருவாய்த்துறையில் பல வருஷம் குப்பை கொட்டி ரிடயர் ஆனவன், அந்தக் கோணத்துல சொல்றேன், யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

மைதானத்துல முதல்வர் ஒரு மனுவுல கையெழுத்து போட்டா ஜனங்க கை தட்டுவாங்க. ஆனா ஆபீஸ்ல என்ன நடக்கும் தெரியுமா? அந்த ஃபைல் கட்டோட மேல வந்துரும். அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா வரிசையில கிடந்த ஃபைலெல்லாம் கீழ போயிரும். அந்த ஃபைல்காரங்க மைதானத்துக்கு வராதவங்க, வர முடியாதவங்க, இல்லாட்டி முறைப்படி விண்ணப்பம் குடுத்து நம்பி வீட்ல உக்காந்திருந்தவங்க. வரிசையில நின்னவனுக்கு தண்டனை, வரிசைய தாண்டினவனுக்கு பரிசு, இதுதான் நேரடி மனு வாங்குறதோட மறுபக்கம். சிவப்பு மையில "உடனடி" னு எழுதின தபால் ஒரு நாளைக்கு நாப்பது வந்தா எல்லாமே சாதாரண தபால்தான், கிளார்க் ஒருத்தன்தானே.

இன்னொண்ணு. நிகழ்ச்சிக்கு ஒரு மாசம் முன்னாடியில இருந்தே கலெக்டர்ல இருந்து கிராம ஊழியர் வரைக்கும் அதுலயேதான் ஓடிட்டு இருப்பாங்க. மனு பதிவு பண்றது, பிரிக்கிறது, அறிக்கை தயார் பண்றது, பந்தல் போடுறது. அந்த ஒரு மாசம் வழக்கமான வேலை நின்னு போகும். நம்ம ஊர்ல முகாம் போடும்போதும் இதே கதைதான்.

கோட்டயம் சிஸ்டர்

ஃபைல் சார் சொல்றது ஆபீஸ் பக்கம் இருந்து பாத்தா சரி. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தும் ஒரு தடவ பாருங்க சார்.

நான் தென்காசிக்காரி, நர்ஸ், கோட்டயத்துல ரொம்ப வருஷமா இருக்கேன். அந்த ஜனசம்பர்க்கம் நடக்குற இடத்துக்கு ஆம்புலன்ஸ்லயே ஆளுங்கள கூட்டிட்டு வருவாங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்தபடி கிடப்பாங்க, மரத்துல இருந்து விழுந்து முதுகெலும்பு போனவங்க, டயாலிசிஸ் பண்றவங்க, மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வர்ற அம்மா. அவரு மேடைல இருந்து இறங்கி அந்த வண்டிகிட்ட போயி குனிஞ்சு கேப்பாரு. சாப்பாடு இல்லாம உக்காராம ராத்திரி வரைக்கும், சில ஊர்ல நடுராத்திரி தாண்டியும் நின்னாரு, டிவில எல்லாரும் பாத்ததுதான். இதுக்கு "நோயாளிய காட்சிப்பொருள் ஆக்குறாங்க" னு அப்பவே விமர்சனம் வந்துச்சு. நியாயமான விமர்சனம்தான், ஸ்ட்ரெச்சர்ல ஆள கூட்டிட்டு வந்தாதான் காசு கிடைக்கும்னா அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு இல்ல. ஆனா அந்த ஆளுக்கு அதுக்கு முன்னாடி எந்தக் கதவும் திறக்கலையே.

அங்க வர்ற மனுல ரொம்ப அதிகம் எது தெரியுமா, ரேஷன் கார்டு. ஏ.பி.எல்.ல (வறுமைக்கோட்டுக்கு மேல) இருந்து பி.பி.எல்.க்கு (வறுமைக்கோட்டுக்கு கீழ) மாத்திக் குடுங்கன்னு. ஏன்னா பி.பி.எல். கார்டு இல்லாட்டி சிகிச்சை உதவியும் இல்ல ஒண்ணும் இல்ல. வீட்ல கான்கிரீட் கூரை இருக்குன்னு எப்பவோ ஒரு சர்வேல எழுதிட்டாங்க, அப்புறம் அந்த வீட்டு ஆம்பளைக்கு கேன்சர் வந்து எல்லாம் வித்தாச்சு, கார்டு மட்டும் பணக்கார கார்டாவே இருக்கு. இதுக்கு கிளார்க் என்ன செய்வாரு? அவர்கிட்ட ரூல்தான இருக்கு. ரூல தாண்டி "சரி, இத குடு" னு சொல்ற அதிகாரம் மேல இருக்கிறவருக்குத்தான். வில்லேஜ் ஆபீசர் வேலைய முதல்வர் செஞ்சாருன்னு கிண்டல் பண்றாங்களே, வில்லேஜ் ஆபீசரால செய்யவே முடியாத வேலையும் அதுல பாதி இருந்துச்சு.

அப்புறம் 2014ல ஈராக் திக்ரித்ல 46 நர்சுங்க மாட்டிக்கிட்டாங்க இல்ல, ஐ.எஸ். தீவிரவாதிங்க கையில. அந்த நாள் எங்க வார்டுல யாருக்கும் வேலை ஓடல. அவரு டெல்லிலயே போயி உக்காந்து அப்ப வெளியுறவு மந்திரியா இருந்த சுஷ்மா ஸ்வராஜ் கூட சேர்ந்து விடாம பாத்தாரு, ஜூலை 5ஆம் தேதி ஃபிளைட் கொச்சில இறங்குனப்போ அங்க நின்னாரு. 46ல ஒரு பொண்ணு நம்ம தூத்துக்குடி. மத்திய அரசு வேலைதான் அது, வேற கட்சி ஆட்சி வேற, ஆனா கட்சி பாக்காம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சாங்க. சுஷ்மாவுக்கும் அதுல பாதிப் பேரு போகணும்.

கம்பம் திராட்சை

எல்லாரும் அழுது முடிச்சாச்சா? இப்ப நான் வாரேன்.

2006 பிப்ரவரி 27, முல்லைப் பெரியாறுல 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அடுத்த மாசமே கேரளா சட்டசபைல ஒரு சட்டத்திருத்தம், 136 அடிக்கு மேல கூடாதுன்னு. யாரு முதல்வர்? உங்க ஞாயித்துக்கிழம மனுஷன்தான். அதுக்கப்புறம் எட்டு வருஷம் நாங்க கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சு, 2014 மே 7ஆம் தேதி அந்தச் சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு வாங்குற வரைக்கும் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டம் வாயப் பொளந்துட்டு நின்னோம். 2011 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு எங்க ஊர்ல சின்னப் பயலுக்கும் தெரியும். அணை உடைஞ்சிரும் உடைஞ்சிரும்னு அங்க பீதிய கெளப்ப, இங்க கம்பம் கூடலூர்ல இருந்து சனம் சனமா குமுளிய பாத்து நடக்க, லோயர் கேம்ப்ல போலீஸ் தடியடி. அந்தப் பக்கம் தோட்டத்துக்கு கூலிக்கு போன எங்க பொம்பளைங்க பயந்து அலறிட்டு ராத்திரியோட ராத்திரியா மலைப்பாதைல இறங்கி வந்தாங்கய்யா. அப்பவும் முதல்வர் இவருதான், சட்டசபைய கூட்டி 120 அடியா குறைக்கணும், புது அணை கட்டணும்னு தீர்மானம் போட்டாரு.

நல்ல மனுஷனாத்தேன் இருந்திருப்பாரு. யாருக்குன்னு கேளுங்க.

தக்கலை மக்கா

அண்ணே நீங்க சொன்ன தேதி எல்லாம் சரிதான். ஆனா 2006 சட்டத்துக்கு அந்த சபைல எதிர்ப்பே இல்லண்ணே, இடதும் வலதும் ஒண்ணா கை தூக்கிச்சு. "தமிழ்நாட்டுக்கு தண்ணி, கேரளாவுக்கு பாதுகாப்பு" ன்னு அங்க எல்லா கட்சியும் ஒரே வசனத்தத்தான் பேசும். அங்க எவன் முதல்வரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான்.

கம்பம் திராட்சை

அதத்தேன் நானும் சொல்லுறேன் தம்பி. எவன் இருந்தாலும் அதத்தேன் செஞ்சிருப்பான்னா இவரு மட்டும் என்ன ஸ்பெஷல்? தொகுதிக்காரன் கண்ணீர தொடைக்கிறவரு, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் வயக்காட்ட ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தாரா? அணைக்கு கீழ இருக்கிற இடுக்கி ஆளுக பயந்தது உண்மதேன், நான் இல்லேங்கல. பயத்த தணிக்கிறதுக்கு ஒரு தலைவர் வேணும். ஓட்டு போடுறவன் பயத்தோட சேர்ந்து ஓடுறதுக்கு எதுக்கு தலைவரு?

மூணாறு பொண்ணு

கம்பம் அண்ணன் எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சொன்னாரு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழங்க நாங்க, எங்களயும் சேத்துக்கோங்க.

2015 செப்டம்பர். பெம்பிளை ஒருமை, அதாவது தோட்டத்துப் பொம்பளைங்க ஒற்றுமை. மூணாறு டவுன மறிச்சு ஒம்பது நாள் எங்க அம்மாங்க, சித்திங்க, பாட்டிங்க உக்காந்தாங்க. எல்லாம் கொழுந்து எடுக்குறவங்க. லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) ஒத்த ரூம், நாள் கூலி 232 ரூபா, அந்த வருஷம் போனஸ 20 சதவீதத்துல இருந்து 10ஆ குறைச்சிட்டாங்க. தொழிற்சங்கம் எல்லாம் கம்பெனி கூட கை குலுக்கிட்டு வந்துருச்சு, அதனால எந்தக் கட்சிக் கொடியும் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க எம்.எல்.ஏ. தமிழ் ஆளுதான், எங்க சனம்தான், நாங்க ஓட்டு போட்டவருதான். அவரு வந்தப்போ செருப்படி விழாத குறையா திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்தாரு, தொண்ணூறு வயசு தாண்டுன மனுஷன், எம்.எல்.ஏ.வோட அதே கட்சிக்காரருதான், அவர மட்டும் உக்கார விட்டாங்க. முடிவு வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு அவரும் கூடவே உக்காந்துட்டாரு.

அன்னைக்கு கொச்சில பேச்சுவார்த்த நடத்துனது முதல்வர் உம்மன் சாண்டி. 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகைன்னு போட்டு மொத்தம் 20னு முடிச்சாங்க. ஜெயிச்சோம். ஆனா 500 ரூபா கூலி கேட்டது? அக்டோபர்ல இழுத்து இழுத்து 301ல நிறுத்திட்டாங்க. அவரு எங்கள ஏமாத்துனாருன்னு நான் சொல்ல மாட்டேன், கம்பெனி, சங்கம், அரசு மூணும் ஒரு மேசைல உக்காந்தா கொழுந்து எடுக்குறவ எங்க உக்காருவா அப்படின்னுதான் கேக்குறேன். தனி ஆளா மனு குடுத்தா காது குடுத்து கேப்பாரு, நிஜம். ஆயிரக்கணக்குல சேர்ந்து கூலி கேட்டா அது வேற கணக்கு. மருந்துக்கு காசு வாங்கித் தர்றது ஈஸி, கூலிய ஏத்தி விட்டா அந்த மருந்துக்கு நாங்களே காசு குடுத்துக்குவோம், அது கஷ்டம், ஏன்னா அதுக்கு எதிர்ல ஒருத்தன் உக்காந்திருப்பான்.

சைதை ஆட்டோ

அக்கா கடைசி வரி... சாமி, ஒரு நிமிஷம் போன கீழ வச்சிட்டேன்.

பஞ்சாயத்து பேசுவோம்

மூணாறு தங்கச்சி சொன்னதுல இருந்தே பிடிச்சுக்கறேனுங்க. அவரோட பலமும் பலவீனமும் ஒரே இடத்துல இருந்துதான் வந்துதுங்கிறது என் கருத்து, அதுக்கு ஒரு சின்ன விஷயம் போதும்.

அவர்கிட்ட மொபைல் போன் கிடையாது. சொந்தமா வச்சுக்கவே இல்ல. யாருக்கு அவர்கிட்ட பேசணும்னாலும் பக்கத்துல நிக்கிற உதவியாளர் போனுக்கு, கன்மேன் (பாதுகாப்பு போலீஸ்) போனுக்கு அடிக்கணும், அவங்க காதுல குடுப்பாங்க. யாரு வேணா அடிக்கலாம், யாரு வேணா உள்ள வரலாம், கதவு சாத்துறதே இல்ல. பாக்கறதுக்கு எவ்வளவு எளிமையா இருக்கு பாருங்க. 2013ல சோலார் மோசடி (சோலார் திட்டம்னு சொல்லி பல பேருகிட்ட காசு வாங்கி ஏமாத்துனது) வெடிச்சப்போ என்ன வெளிய வந்துச்சு? மோசடி பண்ணின ஆளுங்க அந்த உதவியாளர் போன்லதான் மறுபடி மறுபடி பேசியிருக்காங்க. முதல்வர் ஆபீசுக்கு நெருக்கம்னு காட்டித்தான் பல பேருகிட்ட காசு வாங்கியிருக்காங்க. அவர் ஸ்டாஃப் ஒருத்தர் கைதே ஆனாரு. ஏழை நேரா உள்ள வர்றதுக்கு திறந்து வச்ச அதே கதவு வழியா புரோக்கரும் வந்துட்டான். யாரு வந்தது, எதுக்கு வந்தது, யாரு அனுப்பினதுன்னு ஒரு பதிவு கிடையாது, ஒரு வடிகட்டி கிடையாது.

இதுல தலையில அடிச்சுக்கிற மாதிரி ஒண்ணு, அதே 2013 ஜூன்லதான் பஹ்ரைன் மனாமால ஐ.நா. பொதுச்சேவை விருது, இந்த ஜனசம்பர்க்கத்துக்குத்தான். எந்தப் பிரிவுல? ஊழலைத் தடுக்கிற பிரிவுல. ஒரு பக்கம் விருது வாங்கறாரு, இன்னொரு பக்கம் திருவனந்தபுரத்துல ராஜினாமா பண்ணுன்னு தினமும் மறியல். ஆகஸ்ட்ல செக்ரடேரியட்டையே இடதுசாரிங்க முற்றுகை போட்டாங்க. அக்டோபர்ல கண்ணூர்ல கார் மேல கல் விழுந்து நெத்தியில காயம். சோலார் மோசடிய விசாரிச்ச சிவராஜன் கமிஷன் முன்னாடி முதல்வரா இருக்கும்போதே போயி மணிக்கணக்கா சாட்சி சொன்னாரு. 2017ல கமிஷன் அறிக்கை அவர் மேலயும் குத்தம் சொல்லுச்சு, அதுல ஒரு பகுதிய ஹைகோர்ட் நீக்குச்சு, 2022 டிசம்பர்ல, சோலார் கேஸ்ல மாட்டின பொண்ணு அவர் மேல குடுத்த பாலியல் புகார்ல ஆதாரம் இல்லன்னு சி.பி.ஐ. சொல்லிருச்சு. அவர் தனிப்பட்ட முறையில காசு பாத்தாருன்னு நான் நம்பல. ஆனா "எல்லாரையும் நம்புற நல்ல மனுஷன்" ங்கிறது ஒரு முதல்வர் ஆபீசுக்கு போதுமான நிர்வாக முறை இல்லைங்க.

அப்புறம் கேரளாவுல 1996ல இருந்தே மக்கள் திட்டம்னு பஞ்சாயத்துக்கு காசும் அதிகாரமும் இறக்கியாச்சு. நாட்டுலயே பலமான பஞ்சாயத்து இருக்கிற மாநிலம். அங்கயே ஜனங்க முதல்வர்கிட்டதான் ஓடணும்னா அந்த பஞ்சாயத்து எதுக்கு? ஒவ்வொரு தடவையும் மேல இருந்து ஒருத்தர் வந்து தீத்து வைக்க, கீழ இருக்கிறவன் பொறுப்பு எடுத்துக்கறதே இல்ல.

கோட்டயம் சிஸ்டர்

கமிஷன்ல சாட்சி சொன்னத குறையா சொல்லாதீங்க சார். வேற எந்த முதல்வர் பதவில இருக்கும்போதே போயி உக்காந்து அவ்வளவு நேரம் குறுக்கு விசாரணைக்கு பதில் சொன்னாரு? அதுவும் பொது வாழ்க்கைல ஒரு பதிவுதான்.

ஆனா போன் விஷயம் நீங்க சொன்னது எனக்கு உறுத்துது. அது சரிதான். இங்கயே அப்ப பேசிக்கிட்டதுதான்.

ஃபைல் நம்பர் 12

சட்டமன்ற உறுப்பினருக்கு அரசியல் சட்டப்படி வேலை சட்டம் இயற்றுறது, பட்ஜெட்ட கேள்வி கேக்குறது, அரசாங்கத்த கண்காணிக்கிறது. நம்ம நாட்டுல ஜனங்க எதிர்பார்க்கிறது காது குத்துக்கு வரணும், துக்கத்துக்கு வரணும், தாசில்தாருக்கு போன் போடணும். தாசில்தாருக்கு போன் போடாத எம்.எல்.ஏ. ஜெயிக்க மாட்டாரு. சபையில ஒரு வார்த்த பேசாதவரு அஞ்சு தடவ ஜெயிப்பாரு. இவரு ரெண்டுலயும் இருந்தாருங்கிறது உண்மை. 1994ல நிதி மந்திரி பதவிய ராஜினாமா பண்ணினாரு, ராஜ்யசபா சீட்டு ஒருத்தருக்கு மறுக்கப்பட்டதுக்காக அப்ப முதல்வரா இருந்த கருணாகரனோட மோதி. கொள்கையா கோஷ்டியான்னு மலையாளிங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. எனக்கென்னவோ ரெண்டும் கலந்ததுன்னுதான் தோணுது.

புதுப்பள்ளி ஓட்டையும் பாருங்க. 2011ல 33 ஆயிரம் ஓட்டு வித்தியாசம், 2016ல 27 ஆயிரம், 2021ல 9 ஆயிரம். அவர் போன பிறகு 2023 இடைத்தேர்தல்ல மகன் நின்னு 37,719 ஓட்டுல ஜெயிச்சாரு. அப்பா உயிரோட இருந்தப்போ குறைஞ்சுட்டே வந்த ஓட்டு, அனுதாபத்துல திரும்ப வந்துச்சு. இடைத்தேர்தல்ல இடதுசாரிங்க கேட்டதே "53 வருஷத்துல தொகுதிக்கு என்ன வளர்ச்சி வந்துச்சு" ன்னுதான். கேள்வி கேக்க வேண்டியதுதான, கேட்டதுல தப்பில்ல.

தக்கலை மக்கா

சார், வளர்ச்சின்னா என்ன சார். புதுப்பள்ளில அவரு பேருல பெரிய தொழிற்சாலை இல்ல, சரி. ஆனா மாநிலத்துல பாருங்க. விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட்ல அவரு போட்டது, 2025 மே மாசம் பிரதமர் வந்து திறந்து வச்சாரு. எங்க தக்கலைல இருந்து அந்தத் துறைமுகம் கூப்பிடு தூரம், கல்லு எல்லாம் எங்க மலையில இருந்துதான் போச்சுன்னு எங்க ஊர்க்காரன் இப்ப வரைக்கும் டாரஸ் லாரிய பாத்து கத்திட்டு கிடக்கான், அது வேற கதை, அத தொடங்குனா விடியாது. கொச்சி மெட்ரோவும் அவரு காலத்துல கட்டத் தொடங்குனதுதான், 2017ல திறந்தப்போ மேடையில அவருக்கு இடம் இல்ல. அத பத்தி ஒரு பெரிய சண்ட போட்டிருக்கலாம், போடல.

செவி கேக்காத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்பிளான்ட் இலவசமா வைக்கிற திட்டம், ஸ்ருதிதரங்கம், அதுவும் அவரு ஆட்சிலதான் வந்துச்சு. லட்சக்கணக்குல ஆகுற ஆபரேஷன். மனுவா வந்து வந்து ஒரு கட்டத்துல அது திட்டமா மாறுது பாருங்க, அத மட்டும் தனியா எடுத்துப் பேசணும்னு தோணுது.

பஞ்சாயத்து பேசுவோம்

அதுதானுங்க பாயின்ட். மனுவ தீக்கிறது ஒரு வேலை, ஒரே மாதிரி ஆயிரம் மனு வருதே எந்த ரூல் இத உண்டாக்குதுன்னு பாத்து அந்த ரூல மாத்துறது இன்னொரு வேலை. ஜனசம்பர்க்கத்துல வந்த மனுக்கள வச்சு சில அரசாணைகள மாத்தினாங்க, அது பெருமைப்படக்கூடியது. 2012ல கேரளா சேவை உரிமைச் சட்டமும் அவர் அரசாங்கம் கொண்டு வந்ததுதான். இந்த சர்டிபிகேட் இத்தனை நாளுக்குள்ள குடுக்கணும், குடுக்கலேன்னா மேல்முறையீடு, அதிகாரிக்கு அபராதம். தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஒரு சட்டம் வேணும்னு எத்தனை வருஷமா கேட்டுட்டு இருக்கோம்.

ஆனா என் கேள்வி இது. 2012ல சட்டம் போட்டாச்சு. 2013ல மறுபடி ஜனசம்பர்க்கம். 2015ல "கருதல்" னு பேரு வச்சு இன்னொரு சுத்து. சட்டம் வேலை செஞ்சிருந்தா மூணாவது சுத்துல மைதானம் காலியா இருந்திருக்கணுமில்ல? மைதானம் நிரம்பி வழிஞ்சுது. அது அவருக்கு வெற்றியா தோல்வியா?

கோட்டயம் சிஸ்டர்

சட்டத்துல மேல்முறையீடு முதல் அதிகாரி, ரெண்டாவது அதிகாரின்னு இருக்கு சார். யாரு போவா? படுத்த படுக்கையா கிடக்கிற ஆளுக்கு பெட்பேன் மாத்துறதா, மேல்முறையீடு டைப் அடிக்கிறதா? படிச்ச ஆளுக்கு சட்டம், படிக்காதவங்களுக்கு அவங்களுக்காக அலையறதுக்கு ஒரு ஆளு. ரெண்டும் வேணும். அந்த அலையிற ஆளு எம்.எல்.ஏ.வா இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?

அப்புறம் முதல்வரா வந்த பிணராயி விஜயன் 2023ல தொடங்கி நவகேரள சதஸ்னு 140 தொகுதிக்கும் மந்திரிசபையோட பஸ்ல போனாரு. அதுல மனு வாங்கினது கவுன்ட்டர்ல, கம்ப்யூட்டர்ல பதிவு, ரசீது. ஃபைல் சார் சொல்ற மாதிரி முறையான ஏற்பாடு. ஆனா இங்க கூட வேலை பாக்குற மலையாளி பொண்ணுங்க சொன்னது ஒண்ணுதான்: "கவுன்ட்டர்ல குடுக்கிறதுக்கு தாலுக் ஆபீஸ் போதாதா?"

சைதை ஆட்டோ

நம்ம ஊரு மட்டும் இன்னா. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம், மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின், 1100 நம்பர், பேரு மட்டும் தினுசு தினுசா வெக்கிறாங்க. 2017ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டிக் கொடுமைல ஒரு குடும்பமே கொளுத்திக்கிச்சே, பல தடவ மனு குடுத்தவங்கதான அவங்க. மனு குடுக்க இடம் இல்லாமலா செத்தாங்க? ரசீது இருந்திச்சு தல. படிக்கத்தான் ஆளு இல்ல.

ஃபைல் நம்பர் 12

அந்த சம்பவத்தப் பத்தி பேச எனக்கும் நாக்கு எழல. அங்க மனு "உரிய நடவடிக்கைக்காக" ன்னு எழுதி எந்த ஸ்டேஷன் மேல புகாரோ அதே ஸ்டேஷனுக்கு கீழ இறங்கிப் போயிருக்கும். எந்த ஆபீஸ்லயும் அப்படித்தான். புகார் யார் மேலயோ அவர்கிட்டயே விசாரணைக்கு போகும், அவர் "மனுதாரர் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல" ன்னு ஒரு வரி எழுதுவாரு, ஃபைல் முடிஞ்சுது, கணினில பச்சை கலர் வந்துரும், தீர்வு காணப்பட்டதுன்னு.

அந்த இடத்துல ஒரு எம்.எல்.ஏ. போன் போட்டு "என்னய்யா ஆச்சு" ன்னு கேட்டிருந்தா கதை மாறியிருக்கும்னு ஒத்துக்கறேன். என் எதிர்ப்பு போன் போடுறதுக்கு இல்ல. யாருக்காக போட்டாருங்கிறது பதிவாகணும். எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ஒரு ரிஜிஸ்டர் இருக்கட்டும், எந்த மனுவுக்கு யார்கிட்ட பேசினாரு, என்ன பதில் வந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவ வெளியிடட்டும். சோலார் மாதிரி ஆளுங்களும் அதுலயே தெரிஞ்சு போயிருப்பாங்க.

மூணாறு பொண்ணு

ரிஜிஸ்டர் நல்லாத்தான் இருக்கு சார். அதுல "தோட்டத் தொழிலாளி கூலி" ன்னு ஒரு காலம் சேத்து போடச் சொல்லுங்க. யாரு யாருக்கு போன் போட்டாங்கன்னு நாங்களும் பாத்துக்கறோம்.

கம்பம் திராட்சை

பெரியாறுக்கு தனி இழை தொடங்குறேன். தக்கலை தம்பி, அங்க வாங்க, தேதியோட வாங்க.

தக்கலை மக்கா

வாறேன்ணே. சிஸ்டர், நீங்களும் வாங்க, மலையாளத்துல பேப்பர் படிச்சுச் சொல்ல ஆளு வேணும். ஃபைல் சார், அந்த ரிஜிஸ்டர்ல என்னென்ன காலம் வரணும்னு ஒரு மாதிரி போட்டுக் குடுங்க, எங்க தொகுதி ஆபீஸ்ல கொண்டு போயி நீட்டிப் பாப்போம். வாங்க மாட்டாங்க, ஆனா நீட்டிப் பாப்போம்.